கடலடிக் கேள்வி – பதில்: முதற் சுழியோடிக்கு எந்தக் கருவி?

திருகோணமலையில் சுழியோடும் பயிற்சியை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் இளையவர்களிடமிருந்து சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றை இதழுக்கு ஒன்றாகத் தொட்டுச் செல்வதிலும் பார்க்க, ஓர் இதழின் பக்கங்களை முழுமையாக ஒதுக்கிப் பதிலளிப்பதே முறை என்று தோன்றியது. காற்றுச் சிலிண்டருடன் கடலுக்குள் இறங்குவதற்குரிய கருவிகளை முதன்முதலாக வாங்க எண்ணுவோரின் கேள்விகளே இம்முறை இடம்பெறுகின்றன. விலைகளை எழுதவில்லை, டொலரின் ஏற்ற இறக்கத்தில், இதழ் கைக்கு வருமுன்னரே அவை பழங்கணக்காகிவிடும்.

ஐயா, 18 மீற்றர் வரை இறங்குவதற்கான முதற்படிப் பயிற்சியைத் திருகோணமலையில் அண்மையில் முடித்தேன். கனடாவிலுள்ள என் சித்தப்பா ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். "என்ன வேணும் எண்டு எழுதி அனுப்பு, முழுச் செட்டையும் வாங்கிக்கொண்டு வாறன்" என்கிறார். எதையெல்லாம் எழுதி அனுப்பலாம்?
– வாசகர், கொக்குவில்

சித்தப்பாவின் மனம் பெரியது. பட்டியல் மட்டும் சிறியதாக இருக்கட்டும், தம்பி. அவரிடம் கேட்க வேண்டிய பெரிய பொருள் ஒன்றே ஒன்றுதான்: மணிக்கட்டில் அணியும் சுழியோடிக் கணினி, அதாவது நீங்கள் இறங்கிய ஆழத்தையும் நேரத்தையும் கொண்டு உடலில் கரையும் நைதரசனைக் கணக்கிடும் கருவி. அதற்கு உங்கள் முகவெட்டும் உடல் அளவும் தேவையில்லை. பயணப் பெட்டியில் இடம் பிடிக்காது. நீங்கள் எந்த நிலையத்தில் எந்தச் சிலிண்டரை வாடகைக்கு எடுத்தாலும் அது உங்களுடைய கணக்கை மட்டுமே வைத்திருக்கும். எழுத்துக்கள் பெரியவையாகவும், மின்கலத்தை நாமே மாற்றக்கூடியதாகவும் உள்ள எளிய வகையைக் கேளுங்கள். கைப்பேசியோடு இணைவது, பல நிறங்களில் ஒளிர்வது போன்றவை இன்னும் ஐந்து வருடங்களுக்கு உங்களுக்கு வேண்டியதில்லை.

அவரிடம் எக்காரணம் கொண்டும் கேட்கக் கூடாத பொருளும் ஒன்று உண்டு. அது மாஸ்க் எனப்படும் முகக்கண்ணாடி. ரொறன்ரோக் கடைக்காரர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், சித்தப்பாவின் முகத்தில் வைத்துப் பார்த்து உங்களுக்கு ஒரு கண்ணாடியைத் தெரிவு செய்ய முடியாது. ஆயிரக்கணக்கில் விலை கூடிய கண்ணாடி கன்னத்தோடு பொருந்தாமல் நீரை உள்ளே விடும்; மிக மலிவானது சிலருடைய முகத்தில் அட்டைபோல ஒட்டிக்கொள்ளும். ஆகவே கொழும்புக்கோ திருகோணமலைக்கோ நேரிற் சென்று, பின்வருமாறு பார்த்து வாங்குங்கள்.

முதலில் இறப்பர்ப் பட்டியைக் கண்ணாடிக்கு முன்புறமாக மடித்து விடுங்கள். முகத்தைச் சற்று மேல்நோக்கி நிமிர்த்தி, கண்ணாடியை அழுத்தாமல் முகத்தின் மீது வெறுமனே வையுங்கள். சிலிக்கன் விளிம்பு நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கின் கீழும் இடைவெளியின்றிப் படிகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மயிரிழை இடையில் அகப்பட்டாலும் அந்த வழியே கடல் உள்ளே வரும். பின்னர் மூக்கால் மிக மெதுவாக ஒருமுறை காற்றை இழுத்து, மூச்சை நிறுத்தி, கையை எடுத்துவிட்டு முகத்தைக் கீழே குனியுங்கள். கண்ணாடி விழாமல் நின்றால் பாதிச் சோதனை முடிந்தது. மீதிப் பாதியைப் பலர் செய்வதில்லை. கடலுக்குள் வாய் மூடியிருக்காது. வாய்க்கவ்வியைப் பற்களால் பிடித்திருப்போம், அப்போது கன்னச் சதை இழுபட்டு முகத்தின் வடிவமே மாறிவிடும். எனவே கடையில் ஒரு வாய்க்கவ்வியையோ, எதுவும் இல்லையென்றால் உங்கள் பெருவிரலையோ பற்களிடையே வைத்துக்கொண்டு அதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். கடைசியாக, மூக்கை இரு விரல்களாலும் வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்க முடிகிறதா என்றும், மூக்கின் மேல் எலும்பு உட்புறச் சட்டத்தில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். கடையில் இலேசாக இடிப்பது 10 மீற்றரில் நெற்றிவலியாகிவிடும். அங்கே அமுக்கம் கரையிலுள்ளதைப் போல் இரு மடங்கு என்பதை நீங்கள் பயிற்சியிற் படித்திருப்பீர்கள்.

புதுக் கண்ணாடி முதல் நாளில் எவ்வளவு துடைத்தாலும் புகை படிந்ததுபோல் மங்கும். தொழிற்சாலையில் வார்க்கும்போது சிலிக்கனிலிருந்து கசியும் மெல்லிய படலமே அதற்குக் காரணம். ஜெல் வகையல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையை உட்புறக் கண்ணாடியில் பூசி, விரலால் ஐந்து நிமிடம் தேய்த்துக் கழுவி, இதையே இரண்டு மூன்று தடவைகள் செய்யுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இறங்குமுன் சொந்த உமிழ்நீரே போதும்.

காலுக்குரிய துடுப்புக்களை நீங்களே வாங்கினாலும் நல்லது, சித்தப்பா வாங்கினாலும் குற்றமில்லை. இரண்டு வகை உண்டு. வெறுங்காலை முழுமையாக உள்ளே விடும் வகை வள்ளத்திலிருந்து குதிப்போருக்கு ஏற்றது. குதிகாற் பகுதி திறந்திருந்து பட்டியால் இறுக்கும் வகைக்கு உள்ளே தடித்த அடியுடைய சப்பாத்து அணிய வேண்டும். பட்டியுள்ளதையே நான் பரிந்துரைப்பேன். கீரிமலையிலிருந்து வல்வெட்டித்துறை வழியாகப் பருத்தித்துறை வரை நமது வடகரையில் பெரும்பாலான இடங்களில் மணலைவிடக் கூரிய சுண்ணாம்புக்கல்லே கூடுதலாக உள்ளது. அதன் மீது வெறுங்காலுடன் நடந்து கடலுக்குள் இறங்கியவருக்கு விளக்கம் தேவையில்லை. சப்பாத்தின் அளவை எடுத்த பின்னரே துடுப்பின் அளவை எடுங்கள். மாற்றி எடுத்து வருந்தியவர்கள் பலர்.

மற்றவற்றைக் குறைந்தது இருபது முறை வாடகைக் கருவியுடன் இறங்கிய பின்னர் யோசிக்கலாம். சிலிண்டரை வாங்கவே வேண்டாம். நம் நாட்டு நிலையங்களில் வழக்கமாகத் தரப்படும் அலுமினியச் சிலிண்டரின் உட்கொள்ளளவு 11.1 லீற்றர், வெறுமையாகவே சுமார் 14 கிலோகிராம் நிறையுடையது. ஆண்டுக்கு ஒருமுறை உட்புறத்தைப் பரிசோதிப்பதும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரமுக்கச் சோதனை செய்வதும் பொது வழக்கம். அந்தத் தொல்லையை நிலையத்தாரே சுமக்கட்டும். எடுக்கும்போது கழுத்தில் பொறிக்கப்பட்டுள்ள சோதனைத் திகதியைப் பார்க்கும் பழக்கம் மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும்.

நான் கண்ணாடி அணிபவன், மீசையும் உண்டு. இரண்டில் எதைத் துறக்க வேண்டும்?
– வாசகர், மானிப்பாய்

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கிட்டப்பார்வைக்குரிய வில்லைகளை அரைப் புள்ளி (டயொப்டர்) இடைவெளிகளில் ஆயத்தமாக விற்கிறார்கள். இரண்டு தனித்தனிக் கண்ணாடிகளைக் கொண்ட மாஸ்க்காக இருந்தால் அவற்றைக் கழற்றி மாற்றிப் பொருத்த முடியும். ஒற்றைக் கண்ணாடியுடைய அகன்ற வகையில் இது எளிதல்ல, ஆகவே வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குறைபாடு ஒரு புள்ளிக்கு உட்பட்டதென்றால் அவசரப்பட வேண்டாம். தட்டைக் கண்ணாடியூடாக நீருக்குள் பார்க்கும்போது பொருள்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் காற்பங்கு அண்மையிலும் தெரியும். பலருக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. நாற்பது கடந்து, கைக்கெட்டும் தூரத்திலுள்ள அமுக்கமானியை வாசிக்க முடியாதவர்களுக்கு, கீழ்ப்பகுதியில் மட்டும் ஒட்டும் சிறு வில்லைகளும் உண்டு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

மீசையை மூக்கின் துவாரங்களுக்குக் கீழே ஒரு விரலின் அரைவாசி அகலத்துக்குக் கத்தரித்தால் சிலிக்கன் விளிம்பு தோலில் நேரடியாகப் படியும். வஸ்லின் பூசச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது விளிம்பைக் கெடுக்கக் கூடியது. சிலிக்கன் களிம்பு என்றே தனியாக விற்கப்படுகிறது.

நீச்சற் குளத்தில் அணியும் சிறு கண்ணாடியுடன் இறங்கினால் என்ன?
– மாணவர், வேலணை

இறங்கக் கூடாது. அதற்குள் மூக்கு அடங்குவதில்லை. ஆழம் கூடக் கூடக் கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்கும். மூக்கால் சிறிது காற்றை உள்ளே விட்டு அதைச் சமப்படுத்தாவிட்டால் கண்ணைச் சுற்றியுள்ள நுண்ணிய குருதிக்குழாய்கள் வெடித்துக் கண் சிவந்துவிடும். நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பதற்காக விற்கப்படும், முகம் முழுவதையும் மூடும் கண்ணாடியும் சிலிண்டருடன் இறங்குவதற்கு உரியதன்று.

நான் ஐந்தடி உயரமுள்ளவள். பயிற்சியில் தந்த மிதப்புச் சட்டை தோளைவிட்டு எழும்பிக் காதுவரை வந்துவிட்டது. பயிற்றுநர் மேலும் ஈயம் கட்டினார். சொந்தமாக ஒன்று வாங்கினால் இந்தப் பிரச்சினை தீருமா? கடல் ஆடையும் வாங்க வேண்டுமா?
– ஆசிரியை, பருத்தித்துறை

உங்களுடைய கேள்வியில் இரண்டு தவறுகள் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன, இரண்டும் உங்களுடையவை அல்ல. சட்டை எழும்பியது அளவு பெரிது என்பதால். உடலை அமிழ்த்துவதற்காகக் கட்டும் ஈயம் அதற்கு மருந்தன்று. காற்றேற்றியும் இறக்கியும் மிதப்பைச் சீராக்கும், பி.சி.டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மிதப்புச் சட்டையை வாடகைக்கு எடுக்கும்போதே கரையில் அணிந்து, எல்லாப் பட்டிகளையும் இறுக்கி, முழுமையாகக் காற்றேற்றிப் பாருங்கள். அப்போதும் நெஞ்சு இறுகாமல் ஆழமாக மூச்சு விட முடிய வேண்டும். தோட்பட்டிகளை ஒருவர் மேலே தூக்கினால் இரண்டு மூன்று விரல் அளவுக்கு மேல் அது எழும்பக் கூடாது. பெண்களின் உடலமைப்புக்கென்று, முதுகு நீளம் குறைவாகவும் தோட்பட்டிகள் வளைந்தும் தைக்கப்பட்டவை உண்டு. ஐந்தடி உயரமுள்ளவருக்கு அவை ஆடம்பரமல்ல. எனவே மற்ற வாசகர்களுக்கு நான் சொல்லும் வரிசையை உங்களுக்கு மாற்றிச் சொல்கிறேன்: மாஸ்க்குக்கு அடுத்தபடியாக நீங்கள் வாங்க வேண்டியது மிதப்புச் சட்டைதான். ஏனெனில் வாடகை நிலையங்களின் கொழுக்கிகளில் தொங்குபவை பெரும்பாலும் நடுத்தர, பெரிய அளவுகளே.

வாங்கியதும் இரவு அதை முழுமையாக ஊதி, ஒரு நாற்காலியில் மாட்டிவிட்டுப் படுங்கள். காலையிலும் கல்லுப்போல் இருந்தால் நல்லது. துவண்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அது உயிர்காப்பு அங்கி அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். மயங்கியவரின் முகத்தை அது நிச்சயமாக மேல்நோக்கித் திருப்பி வைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஈயத்தின் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆழமற்ற இடத்தில், சட்டையின் காற்றை முழுவதும் வெளியேற்றி, நெஞ்சு நிறைய மூச்செடுத்துப் பிடித்தபடி அசையாமல் நில்லுங்கள். நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்லத் தாழ வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்தால் அதன்மேல் 2 கிலோகிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு நிறையில்லை என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அந்த அலுமினியச் சிலிண்டருக்குள் அடைக்கப்படும் 2,200 லீற்றர் காற்றின் நிறை இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். அது தீர்ந்ததும் சிலிண்டரே உங்களை மேலே தூக்கப் பார்க்கும். அளவுக்கு மிஞ்சிய ஈயம் கட்டியவர்கள் அதை ஈடுசெய்யச் சட்டைக்குள் ஓயாமல் காற்றேற்றுவதும் இறக்குவதுமாக, பாதிக் காற்றை அதற்கே செலவழித்துவிடுகிறார்கள்.

கடல் ஆடை பற்றி: நமது கடல்நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 27, 28 பாகை செல்சியசுக்குக் குறைவதில்லை. இருந்தாலும் நீர் உடற்சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்திச் செல்லும் என்பதால், முக்கால் மணித்தியாலத்தின் பின் பல் கிட்டத் தொடங்கும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள, கை கால்களை முழுமையாக மூடும் ஆடை போதும். அதைவிட முக்கியமான காரணம் சொறிமுட்டை. அது வரும் நாட்களில் அரைக்கை ஆடை அணிந்தவர்களின் கையைப் பார்த்தால் இந்த ஆலோசனையின் அருமை விளங்கும். ஆடைக்குள் இருக்கும் நுண்குமிழிகளால் நீங்கள் கூடுதலாக மிதப்பீர்கள். எனவே புது ஆடையுடன் முதல்முறை இறங்கும்போது மேற்சொன்ன ஈயச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.

என் தந்தை கடலட்டை பிடிப்பதற்காகச் சிலிண்டருடன் இறங்குபவர். பதினைந்து வருடமாகக் கடிகாரம்கூட இல்லாமல் தொழில் செய்கிறார். நான் முறையாகப் பயின்று ஒரு கணினி வாங்கியபோது, "கடலைத் தெரிஞ்சவனுக்கு இது எதுக்கு?" என்று சிரித்தார். நான் என்ன சொல்வது?
– வாசகர், குருநகர்

உங்கள் தந்தைக்குத் தெரிந்த கடலில் நூற்றிலொரு பங்குகூட எனக்குத் தெரியாது. சோளகம் எப்போது திரும்பும், எந்தத் தரையில் அட்டை கிடக்கும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பவற்றை அவரிடமே நான் கேட்டுப் படிக்க வேண்டும். கணினி இவற்றில் எதையும் சொல்லாது. அது கணக்கிடுவது கடலை அல்ல, அவருடைய உடலுக்குள் கரைந்திருக்கும் நைதரசனை. அதைக் கண்ணால் காணவோ அனுபவத்தால் உணரவோ எவராலும் முடியாது. ஆகவே "உங்களுக்குக் கடல் தெரியாது" என்ற தொனி வராமல் பேசுவதே முதல் வேலை.

முன்னோர் மன்னார்க் கடலில் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கி முத்தும் சங்கும் எடுத்தார்கள். அவர்களுக்குக் கணினி இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் நீர்மட்டத்தில் இழுத்த ஒரே மூச்சுடன் இறங்கி, ஒன்று ஒன்றரை நிமிடத்தில் மேலே வந்தவர்கள். சிலிண்டரிலிருந்து மூச்செடுப்பவரின் நிலை வேறு. 20 மீற்றரில் அவர் மூன்று மடங்கு அமுக்கத்திலுள்ள காற்றை நிமிடத்துக்கு நிமிடம் உள்ளிழுக்கிறார். அதிலுள்ள நைதரசன் குருதியிலும் கொழுப்பிலும் நரம்புகளிலும் கரைந்துகொண்டே போகிறது. விரைவாக மேலெழுந்தால் அது கரைந்த நிலையில் நிற்க முடியாமல் குமிழிகளாகப் பிரிகிறது. மூதாதையரின் அனுபவம் சிலிண்டருக்குப் பொருந்தாமற் போவது இந்த இடத்தில்தான். சிலிண்டர் வந்து சில பத்தாண்டுகளே ஆகின்றன.

எண்களாகச் சொன்னால் அவருக்கு உடனே பிடிபடும். பாடி (PADI) என்னும் சுழியோடிப் பயிற்சி அமைப்பின் பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கான அட்டவணைப்படி, நாளின் முதல் இறக்கத்தில் 12 மீற்றரில் 147 நிமிடங்களும், 18 மீற்றரில் 56 நிமிடங்களும், 30 மீற்றரில் 20 நிமிடங்கள் மட்டுமே இருக்கலாம். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றரைத் தாண்டாது. அங்கே ஒரு சிலிண்டருடன் வேலை செய்பவருக்கு இந்தக் கணக்குத் தேவைப்படாமலே போகலாம். தொழில் முல்லைத்தீவுப் பக்கமோ மன்னாருக்கு வெளியேயோ ஆழமான தரைக்கு நகரும்போதும், ஒரு நாளில் மூன்று நான்கு சிலிண்டர்களை அடுத்தடுத்து முடிக்கும்போதும் கதை மாறிவிடுகிறது. முதல் இறக்கத்தின் மிச்ச நைதரசனோடுதான் இரண்டாவது தொடங்குகிறது. அதன் மிச்சத்தோடு மூன்றாவது. மனக்கணக்காக இதை வைத்திருக்க முடியாது. கணினி வைத்திருக்கும்; மேலெழும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றரை மிஞ்சினால் ஒலியெழுப்பும்; 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்லும்.

அவரிடம் இன்னொன்றையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். தொழிலுக்குப் போன இரவுகளில் தோள்மூட்டிலோ முழங்காலிலோ காரணமில்லாத உளைவு வந்ததுண்டா? எண்ணெய் போட்டு உருவிவிட்டுப் படுத்ததுண்டா? பாரந்தூக்கியதால் வந்தது என்று பலர் கடந்துபோகும் இந்த உளைவு, மேற்சொன்ன குமிழிகளால் வந்ததாக இருக்கலாம். கால் விறைத்தல், சிறுநீர் கழிக்க முடியாமை, நடை தள்ளாடுதல் என்பன வந்துவிட்டால் அது முள்ளந்தண்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். அப்போது செய்யக் கூடாதது, வலி தீர வேண்டுமென்று மறுபடி சிலிண்டருடன் கீழே இறங்குவது. நமது கடற்றொழிலாளர் சிலரிடம் இந்த வழக்கம் உண்டு, கீழே வலி குறைவதும் உண்மை, ஆனால் மேலே வரும்போது முன்னதிலும் மோசமாகத் திரும்பும். செய்ய வேண்டியது, தாமதமின்றித் தூய ஒட்சிசன் கொடுக்கக்கூடிய வைத்தியசாலைக்கு, இங்கே யாழ். போதனா வைத்தியசாலைக்கு, கொண்டுசென்று "சிலிண்டருடன் இறங்கியவர்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்வது. நோயாளியை மீண்டும் கூடிய அமுக்கத்தில் வைத்துச் சிகிச்சையளிக்கும் அமுக்க அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உள்ளது. அங்கே அனுப்பும் முடிவை வைத்தியர் எடுப்பார்.

உங்களுடைய கணினியை ஒரு நாள் இரவல் கொடுத்துத் தந்தையைச் சம்மதிக்க வைக்கலாமே என்று எண்ண வேண்டாம். அதில் நேற்றைய உங்களுடைய கணக்கு இருக்கும், நாளைக்கு அவருடைய கணக்கோடு நீங்கள் இறங்குவீர்கள். ஒருவருக்கு ஒன்று. அத்துடன் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறுவதானால், அடுத்தடுத்து இறங்கிய நாட்களின் பின் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.

கருவியோடு தொடர்புடைய ஒன்றையும் சேர்த்து விடுகிறேன். சிலிண்டருக்குக் காற்றடைக்கும் இயந்திரம் எங்கே காற்றை உறிஞ்சுகிறது என்று பாருங்கள். அதன் வாய், அதே இயந்திரத்தின் புகைக்குழாய்க்கு அருகே, காற்று அடிக்கும் பக்கமாக இருந்தால், காபன் மொனொக்சைட் சிலிண்டருக்குள் போகும். அதற்கு மணமில்லை. எண்ணெய் மணம் வந்தால் அந்தச் சிலிண்டரை ஒதுக்குங்கள். மணம் வராததால் மட்டும் நல்லதென்று முடிவுசெய்யவும் வேண்டாம்.

ஏற்கெனவே பாவித்த ரெகுலேற்றர் ஒன்று விலைக்கு வருகிறது. புதியதன் மூன்றிலொரு பங்குதான் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், சுன்னாகம்

சிலிண்டரின் உயர் அமுக்கக் காற்றை மூச்செடுக்கத் தக்கதாகக் குறைத்து வாய்க்கு அனுப்பும் அந்தக் கருவியை நானும் ஒருமுறை அப்படித்தான் வாங்கினேன், தம்பி. கொழும்பில் ஒரு கடைக்காரர் "போன மாதம்தான் சேர்விஸ் செய்தது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். திருகோணமலையில் இறங்கி 8 மீற்றர் போனதும் ஒவ்வொரு மூச்சோடும் ஒரு தேக்கரண்டி உப்புநீர் வரத் தொடங்கியது. இருமலை அடக்கிக்கொண்டு பயிற்றுநரின் மாற்று வாய்க்கவ்வியைப் பற்றி மேலே வந்து பார்த்தால், என் வாய்க்கவ்வியை இறுக்கியிருந்த பிளாஸ்டிக் கட்டியின் மறைவில் அரை அங்குல நீளத்துக்கு வெடிப்பு. முழுக் கருவியிலும் மிக மலிவான உறுப்பு அதுதான். ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். நான் அதைக் கையால் வளைத்துப் பார்க்கவில்லை என்பதே குற்றம்.

ஆகவே பார்க்கும்போது கையால் வளைத்துப் பாருங்கள். குழாய்கள் உலோகப் பிடிக்குள் நுழையும் இடத்தில் வெடிக்கத் தொடங்கும். அங்கே பாதுகாப்பு உறை இருந்தால் அதை இழுத்து நகர்த்திப் பார்க்க வேண்டும். சிலிண்டரோடு இணையும் முதற்கட்டத்தின் வாயில் ஒரு சிறு உலோக வடி தெரியும். அது பச்சை படிந்திருந்தால் உள்ளே கடல்நீர் புகுந்திருக்கிறது. செம்மண் நிறமாக இருந்தால் துருப்பிடித்த சிலிண்டரோடு அது வாழ்ந்திருக்கிறது. பிறகு அதன் தூசிமூடியை இறுக்கமாகப் பூட்டிவிட்டு வாய்க்கவ்வியால் மெதுவாக இழுங்கள். சிறிதும் காற்று வரக் கூடாது. வந்தால் எங்கோ ஓட்டை.

இவை எல்லாவற்றிலும் தேறினாலும், பயிற்சி பெற்ற தொழினுட்பவியலாளரிடம் கொடுத்து உள்ளுறுப்புக்களை மாற்றிய பின்னரே இறங்க வேண்டும். அந்தச் செலவைக் கேட்டறிந்து விலையோடு கூட்டிப் பாருங்கள்; மலிவு பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் அத்தகைய வேலைத்தலம் எதையும் நான் இன்னும் காணவில்லை, கொழும்புக்குத்தான் அனுப்பி வருகிறேன். எனவே எந்த நிறுவனத்தின் உதிரிப்பாகம் அங்கே கிடைக்கிறதோ அந்த நிறுவனத்தின் கருவியை வாங்குவது, பெயர்பெற்ற வேறொன்றை வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம்.

இணைப்பு முறையையும் கேளுங்கள். சிலிண்டரின் வால்வைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் யோக் முறை ஒன்று, திருகி உட்செலுத்தும் டின் (DIN) முறை மற்றொன்று. கனடாவில் முதல் வகை அதிகம், ஜேர்மனியில் இரண்டாவது. நம் நாட்டு நிலையங்களில் நான் கண்டவை பெரும்பாலும் யோக் வகையே. டின் கருவிக்கு ஒரு சிறு மாற்றியைப் பொருத்தி யோக் சிலிண்டரில் பயன்படுத்தலாம். மறுவழியாக எல்லாச் சிலிண்டருக்கும் செய்ய முடியாது. ஜேர்மனியிலிருந்து வரும் உறவினரிடம் வாங்குபவர்கள் மாற்றியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கத்தி தேவையா? படத்தில் வருவதுபோல் காலில் கட்டுவதா?
– வாசகர், காரைநகர்

நமது கடலில் வெட்டும் கருவி ஏதாவது ஒன்று கட்டாயம் தேவை, சுறாவுக்காக அல்ல, அறுந்துபோய் அடியிற் கிடக்கும் நைலோன் வலைக்காக. ஆனால் அந்தப் பெரிய கத்தி வேண்டாம். காலில் கட்டினால் அதுவே முதலில் வலையிற் சிக்கும். கை எட்டவும் எட்டாது. உள்ளே அலகு பதித்த, தீப்பெட்டி அளவிலான நூல் வெட்டி ஒன்றை மிதப்புச் சட்டையின் நெஞ்சுப் பட்டியில், இரு கைகளாலும் எட்டக்கூடிய இடத்தில் மாட்டுங்கள். வலை பிடித்தால் திரும்பிப் புரளக் கூடாது. நின்று, பின்னோக்கி ஓரடி போய், துணைச் சுழியோடியை வெட்டச் சொல்ல வேண்டும்.

இதைவிட முக்கியமானது, பலர் பட்டியலில் கடைசியாகக் கூட எழுதாத பொருள்: சுருட்டிச் சட்டைப்பையில் வைக்கக்கூடிய, ஊதினால் ஆளுயரத்துக்கு நிற்கும் செம்மஞ்சள் நிறக் குறியீட்டு மிதவை. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்கள் விரைந்து திரியும் இடத்தில், நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் உங்கள் தலை ஒரு தேங்காயைவிடப் பெரிதல்ல. மேலே வருமுன் மிதவையை அனுப்பிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரு விசிலும் கூடவே இருக்கட்டும்.

கருவிகளைக் கிணற்று நீரில் கழுவலாமா?
– வாசகர், வட்டுக்கோட்டை

கழுவலாம், ஆனால் எந்தக் கிணறு என்பதைப் பொறுத்தது. வாயில் வைத்தால் உவர்க்கும் நீரானால் அது பாதிக் கடல்நீரே, பயனில்லை. நல்ல தண்ணீர்க் கிணறுகளிலும் சுண்ணாம்பு மிகுதி என்பதைக் கேத்தலின் அடியைப் பார்த்து நாம் அறிவோம். நான் கிணற்று நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து அலசி, கடைசி அலசலுக்கு மட்டும் மாரியிற் சேர்த்த பீலித் தண்ணீரைப் பயன்படுத்துகிறேன். மிதப்புச் சட்டைக்குள்ளும் சிறிது நன்னீரை ஊற்றி, குலுக்கி, கீழ் வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். ரெகுலேற்றரை ஊறவைக்கும்போது தூசிமூடி உலர்ந்த நிலையில் இறுக்கிப் பூட்டப்பட்டிருப்பதும், நடுவிலுள்ள பொத்தானை அழுத்தாமல் இருப்பதும் கட்டாயம். நீருக்குள் வைத்து அதை அழுத்தினால் குழாய் வழியே முதற்கட்டத்துக்குள் நீர் ஏறும்.

வெயிலில் போடாமல் வேப்பமர நிழலில் காயவிடுங்கள். கடல் ஆடையை ஆணியில் மாட்டாமல் தடித்த கொழுக்கியிலோ மூங்கிலிலோ போடுங்கள். மாஸ்க்கின் தெளிந்த சிலிக்கன் கறுப்பு இறப்பரில் பட்டால் மஞ்சளித்துவிடும், ஆகவே அதைத் தனிப் பெட்டியில் வையுங்கள். வாய்க்கவ்விகளை மூடியுள்ள பிஸ்கற் தகரம் ஒன்றுக்குள் போட்டு வைப்பது என் வழக்கம். கரப்பான்பூச்சிக்கு அந்தச் சிலிக்கனில் என்ன ருசியோ தெரியவில்லை, இரண்டு வாய்க்கவ்விகளை ஓரம் ஓரமாக அரித்துவிட்டது.